தைச்சுங் பட்டறைகளில் கற்றது: தைவானில் வாழவும் தொழில் செய்யவும்

தைவானில் வேலை என்று சொன்னாலே சிப் கம்பெனியா, சின்ச்சுவா என்றுதான் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. 1980-இல் தொடங்கிய சின்ச்சு அறிவியல் பூங்காவும், 1987-இல் மோரிஸ் சாங் ஆரம்பித்த டிஎஸ்எம்சியும் உலகமே அறிந்தவை. அந்த ஊர்ப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்யும் தமிழ்ப் பிள்ளைகளும் நிறைய. நான் இருந்தது அதற்குத் தெற்கே, தைச்சுங்கில். தாது மலையை ஒட்டி அறுபது கிலோமீட்டருக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரக் கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் அதைவிடப் பல மடங்கு. கோவையில் ஓடும் சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும்) இயந்திரங்களில் பல இங்கிருந்து கப்பல் ஏறியவைதான். இந்தியாவுக்கு இயந்திரம் அனுப்பும் ஒரு நடுத்தரக் கம்பெனியில், வாங்குகிறவருக்கும் செய்கிறவருக்கும் நடுவில் நிற்பது என் வேலை. அந்த இடத்தில் நின்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தைவான்காரர்களைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது ஒரே விஷயம். அடுத்தவருக்குச் சங்கடம் தரக்கூடாது என்பதில் அவர்கள் அவ்வளவு கவனமாக இருக்கிறார்கள். மெட்ரோவில் யாரும் சத்தமாகப் போன் பேசுவதில்லை, முதியோர் இருக்கை காலியாக இருந்தாலும் இளைஞர்கள் நின்றுகொண்டே வருகிறார்கள். இதைப் பார்த்து நம் ஆட்கள் மனதாரப் பாராட்டுவார்கள். அதே ஆட்கள் மறுநாள் மீட்டிங்கில், "முடியும், முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறாங்களே" என்று எரிச்சலோடு வெளியே வருவார்கள். ரயிலில் பார்த்த குணம்தான் மீட்டிங்கிலும் இருக்கிறது.

ஒரு மீட்டிங் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். கோவையிலிருந்து வந்த வாடிக்கையாளர், எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில், "இந்த போர் (துளை) அளவு பத்து மைக்ரானுக்குள்ள வருமா? மார்ச் கடைசியில டெலிவரி கிடைக்குமா?" என்று நேராகக் கேட்பார். எதிரே இருக்கும் எஞ்சினியர் மூச்சை மெல்ல உள்ளே இழுப்பார். தன் மேனேஜரை ஒரு தடவை பார்ப்பார். "பெரிய பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறோம், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று பதில் வரும். வாடிக்கையாளர் நோட்டில் 'ஓகே' என்று எழுதிக்கொள்வார். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் கஷ்டம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு தரப்புக்கும் சண்டை.

இதற்கு வழி இருக்கிறது. டிராயிங்கை ஒரு வாரம் முன்னாலேயே அனுப்பிவிட வேண்டும். முடியுமா என்று கேட்காமல், "இதில் உங்களுக்கு எந்த இடம் சிரமமாக இருக்கும்?" என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு ஏற்படும் மாற்றத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதுவரை வாய் திறக்காத எஞ்சினியர் பென்சிலை எடுத்து, இந்தச் சுவர் மெலிசு, கிளாம்ப் பண்ணினால் வளைந்துவிடும், இங்கே கொஞ்சம் தடிமன் கூட்டினால் நல்லது என்று அரைமணி நேரம் பேசுவார். முடியாது என்று சொல்வது அவருக்குச் சங்கடம். சிரமத்தை விளக்குவது அவர் தொழில். அப்புறம், பத்துப் பேர் நடுவில் கிடைக்காத பதில் தனியாகக் கேட்டால் கிடைக்கும். மீட்டிங் முடிந்த மாலையில், லைன் செயலியில் அந்த ஒருவருக்கு மட்டும் செய்தி அனுப்பினால் பெரும்பாலும் உண்மை நிலவரம் வந்துவிடும். (தைவானில் வாட்ஸப்பை யாரும் திறப்பதில்லை, எல்லாமே லைன்தான். போய் இறங்கியவுடன் அதை நிறுவிக்கொள்ளுங்கள்.)

வழக்கமாக அரைமணி நேரத்தில் பதில் போடுகிறவர் மூன்று நாள் மௌனமாக இருந்தால், அந்த மௌனமே பதில். அவரைத் துரத்தித் துரத்திக் கேட்பதில் பயனில்லை. "டாலரன்ஸை (அளவில் அனுமதிக்கும் வித்தியாசத்தை) கொஞ்சம் தளர்த்தினால் வசதியா? இல்லை, தேதியை இரண்டு வாரம் தள்ளலாமா?" என்று நாமே ஒரு கதவைத் திறந்து வைத்தால் உடனே பதில் வரும்.

மறுபக்கமும் உண்டு. நாம் சொல்வதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். "வெள்ளிக்கிழமைக்குள்ள எல்சி (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) ஓபன் பண்ணிடறோம்" என்றால், அந்த வெள்ளியை நம்பி ஸ்பிண்டில், பால் ஸ்க்ரூ போன்ற இயந்திர பாகங்களுக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் புதன்கிழமையே சொல்லிவிடுவது நல்லது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டதைத்தான் மறப்பதில்லை.

பேரம் பற்றி ஒரு சம்பவம். ஒரு வாடிக்கையாளர் விலை பேசி, கை குலுக்கி, இரவு விருந்தும் முடிந்தபின், விமான நிலையத்துக்குக் கிளம்பும் வண்டியில் ஏறும்போது இன்னும் மூன்று சதவீதம் குறைக்கச் சொன்னார். முதலாளி சிரித்தார், குறைத்தும் கொடுத்தார். அடுத்த ஆர்டருக்கு வந்த கொட்டேஷனில் அந்த மூன்று சதவீதம் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது, டெலிவரியும் மூன்று வாரம் தள்ளியிருந்தது. ஒருவரும் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேரம் பேசலாம், நன்றாகவே பேசலாம், ஆனால் அதை விருந்துக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். விலை இறங்காத இடத்தில் உதிரி பாகங்கள், ஆபரேட்டருக்குப் பயிற்சி, கூடுதல் வாரன்ட்டி என்று கேட்டால் மனம் விட்டுக் கொடுப்பார்கள்.

இந்த முதலாளிகள் எப்படி உருவானார்கள் என்பது தெரிந்தால் அவர்களை மதிக்காமல் இருக்க முடியாது. தைவானில் உள்ள தொழில் நிறுவனங்களில் 98 சதவீதத்துக்கும் மேல் சிறு, நடுத்தர நிறுவனங்கள். 1970-களில் மாகாண ஆளுநராக இருந்த ஷியே துங்-மின் வீட்டுக் கூடத்தையே தொழிற்சாலையாக்குங்கள் என்று ஊக்குவித்தார். குடும்பங்கள் உட்கார்ந்து குடையும் பொம்மையும் மின் பாகங்களும் செய்தன. பட்டறையில் கிரீஸ் கையோடு வேலை கற்ற பையன்கள் பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டு முதலாளியானார்கள். தைச்சுங்கில் எனக்குத் தெரிந்த பெரியவர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள். எழுபதைத் தாண்டியும் காலையில் முதல் ஆளாக வந்து, இயந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டே பேரிங் போய்விட்டது என்று சொல்வார்கள். ஜயன்ட் சைக்கிள் கம்பெனி 1972-இல் இந்த வட்டாரத்தில் தொடங்கியது. இயந்திர பாகங்களை நேர்க்கோட்டில் நகர்த்தும் லீனியர் கைடுக்குப் பெயர்பெற்ற ஹைவின் கம்பெனி இருப்பதும் இங்கேதான். பெரிய பெயர்களுக்குப் பின்னால் நிற்பவை இந்தப் பட்டறைகள்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: பட்டறையில் முதலாளி ஒருவர் மட்டும் இல்லை. கணக்கு, வங்கி, சம்பளம், யாருக்கு எத்தனை நாள் கடன் கொடுக்கலாம் என்கிற முடிவு எல்லாம் பெரும்பாலும் அவர் மனைவி கையில். டீ கொண்டு வந்து வைக்கும் அம்மாவைப் பணியாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்க்காமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பேமென்ட் கெடுவைத் தீர்மானித்தது அந்த அம்மாதான். உள்ளூரில் மாதக் கடைசியில் கணக்கு முடித்து, அங்கிருந்து அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று கடன் கொடுப்பது சாதாரணம். வெளிநாட்டுக்காரருக்கு அந்தச் சலுகை வர வருடக்கணக்கில் ஆகும். அது வருவதும் அந்த அம்மா சொல்லித்தான்.

விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடுத்து, வாங்கியதைப் படித்துவிட்டு மேஜையில் வையுங்கள், பின்பாக்கெட்டில் சொருக வேண்டாம். கூப்பிடும்போது குடும்பப் பெயரோடு பதவியைச் சேர்த்துச் சொல்வார்கள். வெறும் பெயர் வேண்டாம். அன்பளிப்பாகக் கடிகாரமும் குடையும் கொடுக்கக்கூடாது. ஊரிலிருந்து நல்ல தேயிலையோ முந்திரியோ கொண்டு போனால் சந்தோஷப்படுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பல அலுவலகங்களில் விளக்கை அணைத்துவிட்டு மேஜையில் தலைவைத்துத் தூங்குவார்கள். அந்த நேரத்தில் போன் செய்யாமல் இருப்பது பெரிய மரியாதை. இந்திய நேரத்தைவிட அங்கே இரண்டரை மணி நேரம் முந்தி என்பதால், நம் காலை பத்து மணி அழைப்பு சரியாக அந்தத் தூக்கத்தில் போய் விழும்.

சாப்பாட்டைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். உண்மையில் சைவம் சாப்பிடுகிறவருக்குக் கிழக்காசியாவில் இவ்வளவு வசதியான ஊரை நான் பார்த்ததில்லை. பௌத்த வழக்கத்தால் சைவக் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பல கடைகளின் பலகையில் ஸ்வஸ்திகா போன்ற குறி இருக்கும், தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். தட்டில் வேண்டியதை எடுத்துப் போட்டு எடைபோட்டுக் காசு கொடுக்கும் கடைகள்தான் எனக்குப் பிடித்தவை. பாக்கெட் உணவில் முழுச் சைவம், முட்டை சேர்த்தது, பால் சேர்த்தது, வெங்காயம் பூண்டு சேர்த்தது என்று பிரித்து அச்சிடவேண்டும் என்பது அங்கே சட்டம். பௌத்த சைவத்தில் வெங்காயமும் பூண்டும் கிடையாது, அதனால் ருசி முதலில் சப்பென்று இருக்கும். கவனமாக இருக்க வேண்டியது சாதாரணக் கடைகளில்தான்: கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, சைவம் என்றே சொல்லவேண்டும். சொன்னால் மிகச் சரியாகப் புரிந்துகொள்வார்கள்.

தொழில் விருந்தில் வட்ட மேஜை, நடுவில் சுழலும் தட்டு. வாசலைப் பார்த்த இருக்கை முக்கிய விருந்தினருக்கு. அவர்களாக உட்காரச் சொல்லும் இடத்தில் உட்காருங்கள். மது குடிக்காதவர் டீயைத் தூக்கிக் காட்டினால் போதும், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் கோப்பையைத் தூக்காமல் இருக்கக்கூடாது. சாப்ஸ்டிக்கைச் சோற்றில் நட்டு வைக்கக்கூடாது. இறந்தவருக்குப் படையல் வைக்கும் முறை அது.

குடியேறுகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். இந்தியாவுக்கும் தைவானுக்கும் தூதரக உறவு கிடையாது. பாஸ்போர்ட் வேலைகளுக்கு 1995-இலிருந்து தைபேயில் இயங்கும் இந்தியா-தைபே சங்கம்தான். சென்னையில் 2012-இல் திறந்த தைபே பொருளாதாரக் கலாச்சார மையம் இருக்கிறது, விசாவுக்காக டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. குடும்பப் பெயர் இல்லாத நம் பெயர்கள் அங்கே படிவங்களில் சிக்கல் செய்யும். பாஸ்போர்ட்டில் இருக்கும் வரிசையிலேயே குடியிருப்பு அட்டை, வங்கி, காப்பீடு மூன்றிலும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். படிவங்களில் ஆண்டு 1912-ஐ ஒன்றாக வைத்து எண்ணப்படும்; 114 என்றால் 2025. வங்கியில் கையெழுத்துக்குப் பதில் முத்திரை கேட்டால் பயப்பட வேண்டாம், தெருமுனைக் கடையில் செதுக்கிக் கொடுப்பார்கள். வருமான வரிக் கணக்கை மே மாதம் கொடுக்க வேண்டும். ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாள் தங்காதவருக்குச் சம்பளத்தில் பொதுவாக 18 சதவீதம் பிடிப்பார்கள், ஆகவே ஆண்டின் பிற்பகுதியில் வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் சில மாதச் செலவைக் கணக்குப் போட்டு வாருங்கள்.

1995-இல் வந்த தேசிய நலக் காப்பீட்டைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வேலைக்குச் சேர்ந்தவுடன் அட்டை வந்துவிடும். கூட வரும் குடும்பத்தாருக்குப் பொதுவாக ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளிக்கு ஊரிலிருந்தே பயணக் காப்பீடு எடுத்துவருவது நல்லது. காய்ச்சல் என்றால் மாலையில் பக்கத்துக் கிளினிக்குக்குப் போய், அட்டையை நீட்டி, சில நூறு தைவான் டாலருக்குள் மருந்தோடு திரும்பலாம். முதலாளியும் அதே கிளினிக்கில் அதே வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஒரு சமூகம் இதைச் செய்து காட்டியிருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

குப்பை வண்டி பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு வரும். ஓடிப்போய் நாமேதான் போட வேண்டும். அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. கடை ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள், ஒவ்வொன்றும் அரசு லாட்டரிச் சீட்டு. ஒற்றைப்படை மாதம் 25-ஆம் தேதி குலுக்கல்.

நில நடுக்கம் பற்றித் தைச்சுங்கில் யாரும் லேசாகப் பேசுவதில்லை. 1999 செப்டம்பர் 21-இல் பக்கத்து நந்தோவ் மாவட்டத்தில் மையம் கொண்ட அதிர்ச்சியில் 2,400 பேருக்கு மேல் இறந்தார்கள். வூஃபெங்கில் இடிந்த பள்ளியை அப்படியே நிறுத்தி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். பள்ளியின் ஓட்டப்பந்தயத் தடத்தின் நடுவே பூமி மேலெழும்பி நிற்பதைப் பார்த்தால், வீட்டில் அலமாரியைச் சுவரோடு இறுக்கச் சொல்லும் வீட்டுக்காரரின் பிடிவாதம் புரியும்.

மொழி பற்றிக் கொஞ்சம். அலுவலகத்தில் மாண்டரின், பட்டறைக்குள் அவர்கள் தாய்மொழியான தைவானிய ஹொக்கியன். 1949-இலிருந்து 1987 வரை ராணுவச் சட்டம் இருந்த காலத்தில், பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அபராதம் கட்டியதையும் கழுத்தில் அட்டை மாட்டி நின்றதையும் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் எங்கள் மொழிக்காகப் போராட்டம் நடந்தது என்று நான் சொன்னபோது, ஒரு முதியவர் அதைப் பற்றி விடாமல் கேட்டார். அன்றைக்கு இயந்திரம் பற்றி நாங்கள் பேசவே இல்லை. ஹொக்கியனில் வணக்கமும் நன்றியும் சொல்லக் கற்றுக்கொண்டு போங்கள், பட்டறைக் கதவு அகலத் திறக்கும். சீனா பற்றியும் கட்சிகள் பற்றியும் நாமாகப் பேச்செடுக்க வேண்டாம். ஒரே வீட்டில் அப்பா ஒரு கட்சி, மகள் ஒரு கட்சி. அவர்களே ஆரம்பித்தால் கேட்டுக்கொள்ளலாம்.

இனிமையானதை மட்டும் எழுதினால் இது முழுமையாகாது. அந்தப் பட்டறைகள் ஓடுவது வியட்நாம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்துத் தொழிலாளர்களாலும்தான். நாடு முழுக்க எட்டு லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். எஞ்சினியராக வரும் எனக்குக் கிடைக்கும் மரியாதை அவர்களுக்குக் கிடைப்பதில்லை. தரகர் கட்டணத்திலேயே முதல் வருடச் சம்பளத்தில் பெரும்பகுதியை இழந்தவர்களோடு நான் பேசியிருக்கிறேன். இந்தியத் தொழிலாளர்களை அழைக்க 2024 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதையொட்டி அன்றைய தொழிலாளர் அமைச்சர் வடகிழக்கு இந்தியர்களின் தோல் நிறத்தையும் உணவையும் பற்றிப் பேசி, கண்டனம் எழுந்தபின் மன்னிப்புக் கேட்டார். ஏஜென்ட் மூலம் வர நினைக்கும் தம்பிகள் யாருக்கு, எதற்கு, எவ்வளவு கட்டுகிறோம் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம், தங்குமிடப் பிடித்தம், ஓவர்டைம் கணக்கு மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி வாரம் 40 மணி நேரம்தான், அதற்கு மேல் செய்தால் ஓவர்டைம்.

தொழிலும் சாமியும் அங்கே பிரிவதில்லை. சந்திர மாதத்தின் 2-ஆம், 16-ஆம் நாட்களில் கம்பெனி வாசலில் மேஜை போட்டு, பழமும் பிஸ்கட்டும் பானமும் வைத்து, நில தெய்வத்துக்கு ஊதுபத்தி காட்டுவார்கள். ஏழாம் சந்திர மாதம் ஆவிகளின் மாதம். அப்போது புது இயந்திரத்தைத் தொடங்கிவைக்கச் சொல்லி நெருக்கக்கூடாது. சிஎன்சி பேனல் மேல் பச்சை நிற 'குவாய் குவாய்' நொறுக்குத்தீனிப் பாக்கெட் இருந்தால் எடுத்துச் சாப்பிட்டுவிடாதீர்கள்: இயந்திரம் மக்கர் பண்ணாமல் ஓடுவதற்காக வைத்தது. பச்சைப் பாக்கெட்தான் வைப்பார்கள், காலாவதி ஆகும் முன் மாற்றியும் விடுவார்கள்.

ஆண்டுக் கடைசியில் கம்பெனி விருந்து, குலுக்கல் பரிசு, போனஸ், பிறகு சந்திரப் புத்தாண்டு. அந்த விடுமுறையில் நாடே மூடிக்கிடக்கும், அதற்கு முந்தைய மாதம் பட்டறைகளில் மூச்சுவிட நேரமிருக்காது. பிப்ரவரியில் இயந்திரம் வேண்டுமென்றால் ஆர்டரை இலையுதிர் காலத்திலேயே உறுதிசெய்துவிடுங்கள். அந்த நேரத்தில் புதிதாக ஒரு மாற்றத்தைக் கேட்பது யாருக்கும் நல்லதில்லை.

மூன்றாம் சந்திர மாதத்தை ஒட்டி தைச்சுங்கின் தாஜியா கோயிலிலிருந்து கடல் தெய்வமான மாஸு அம்மன் பல்லக்கு புறப்படும். ஒன்பது நாள், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடை, ஜியாயி மாவட்டம் வரை போய்த் திரும்பும். பழனிக்குப் பாதயாத்திரை போகும் வழியில் பார்ப்பது போலவே ஊர் ஊராக நீரும் கஞ்சியும் பழமும் இலவசமாகக் கொடுப்பார்கள். பல்லக்குக்குக் கீழே படுத்து அது தங்களைக் கடந்து போக மக்கள் வரிசையாகக் காத்திருப்பார்கள். அந்த நாட்களில் பாதை போகும் ஊர்களில் தொழிற்சாலை விசிட் வைத்துக்கொள்ள வேண்டாம், முதலாளியும் போர்மேனும் நடக்கப் போயிருப்பார்கள். தைச்சுங்கில் இருந்தால் ஒரு நாளாவது கூட நடந்து பாருங்கள். பழகிய ஷூவும் தொப்பியும் போதும், சாப்பாடு கொண்டுபோக வேண்டியதில்லை. பல்லக்குப் புறப்பாடு நள்ளிரவை ஒட்டி இருக்கும் என்பதால், அன்று மாலையே ரயிலில் தாஜியாவுக்குப் போய்விடுங்கள். பிறகு கூட்டத்தில் ஸ்டேஷனை விட்டு வெளியே வருவதே பெரும்பாடு.